தொட்டில் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு!

திண்டுக்கல்காரர்களுக்குப் பூட்டு வாங்கச் சொல்லிக் கொடுக்க வேண்டியது இல்லை.

கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும், பூட்டைக் கையில் வாங்கிக் கனம் பார்ப்பார்கள். சாவியைப் போட்டுத் திருப்புவார்கள். பூட்டிய பிறகு ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார்கள். அதற்கு அப்புறம்தான் விலையே பேசுவார்கள். நாகல் நகரில் அடித்து எடுத்த பூட்டுக்கு அந்தச் சோதனையில்தான் பெயர் வந்தது. 2019-ம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அதே திண்டுக்கல்காரர் தொட்டில் வாங்கப் போகிறார். அப்போது என்ன செய்கிறார்?

நிறம் பார்க்கிறார். பொம்மை தொங்குகிறதா என்று பார்க்கிறார். "எத்தனை ரூபாய்?" என்று கேட்கிறார். வண்டியில் ஏற்றிக் கொண்டு போய்விடுகிறார்!

பூட்டு காப்பது பெட்டியில் இருக்கும் நகையை. தொட்டில் காப்பது பெற்ற பிள்ளையை. நகை போனால் வாங்கலாம். பிள்ளையை எந்தக் கடையில் வாங்குவது?

தொட்டிலையும் இழுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கு வீடு வர வேண்டும்.

அவசரம் ஏன்?

பிள்ளை பிறப்பதற்கு முன்னால் தொட்டில் வாங்கக் கூடாது என்பது பல குடும்பங்களில் வழக்கம். அது பெரியவர்களின் நம்பிக்கை. அதில் தலையிட வேண்டியது இல்லை.

ஆனால் அதனால் ஒரு சங்கடம் ஏற்படுகிறது. பிள்ளை பிறந்த பிறகுதான் ஓட்டம் தொடங்குகிறது. தாயும் சேயும் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு வருகிறார்கள். தொட்டில் போடும் நாள் குறித்தாகிவிட்டது. எதிரே தெரிந்த கடையில், கண்ணில் பட்டதை வாங்குகிறார்கள். அவசரத்தில் வாங்கியதில் குறை தெரிவது இல்லை.

இதற்கு வழி இருக்கிறது. வாங்குவதற்குத்தான் தடை. பார்ப்பதற்குத் தடை இல்லை. அளவு எடுப்பதற்குத் தடை இல்லை. ஏழாம் மாதத்திலேயே நான்கு கடைகளைப் பார்த்து வைக்கலாம். ஆசாரியிடம் மரமும் கூலியும் பேசி வைக்கலாம். பிள்ளை பிறந்த செய்தி வந்ததும் "செய்யுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நம்பிக்கையும் கெடாது. வேலையும் கெடாது.

சேலைத் தொட்டில் கெட்டதா?

சின்னாளபட்டி நூல் சேலையில் கட்டிய தூளியில் தூங்காத பிள்ளை இந்த வட்டாரத்தில் குறைவு. தாயின் பழைய சேலை. தாயின் வாசனை. வெயில் காலத்தில் காற்றும் வரும். செலவும் இல்லை. அதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது.

ஆனாலும் இரண்டு ஆபத்துகளைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முதல் ஆபத்து, பிறந்து சில மாதமே ஆன பிள்ளைக்கு. தூளியில் முதுகு வளைந்து கிடக்கும். கழுத்து நிற்காத குழந்தையின் தலை சாய்ந்து, தாடை மார்பில் பட்டால் மூச்சுக் குழாய் மடங்கும். துணி மூக்கை மூடினாலும் அந்தக் குழந்தையால் விலக்க முடியாது. பக்கத்தில் ஆள் இருந்தால் உடனே சரி செய்வார். இரவில் எல்லாரும் தூங்கிவிட்டால் யார் பார்ப்பது?

இரண்டாவது ஆபத்து, வீட்டில் இருக்கும் பெரிய பிள்ளைக்கு. தம்பியின் தூளியில் ஏறி ஆடுவது பிள்ளைகளுக்குப் பெரிய விளையாட்டு. ஆடும்போது உடம்பைச் சுற்றுவார்கள். சேலை முறுக்கிக் கொள்ளும். கழுத்தில் இறுகிவிடும். இப்படிச் சிறுவர், சிறுமியர் உயிர் இழந்த செய்தி தமிழ்நாட்டில் ஒரு முறை அல்ல, பல முறை வந்திருக்கிறது. படிக்கும்போது "ஐயோ" என்கிறோம். மறுநாள் அதே தூளி அதே இடத்தில் தொங்குகிறது!

ஆகவே தூளி பகல் தூக்கத்துக்கு இருக்கட்டும். பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். பிள்ளை எழுந்ததும் சேலையை அவிழ்த்து மடித்து வைக்க வேண்டும். அவிழ்க்க முடியாவிட்டால் கைக்கு எட்டாத உயரத்தில் தூக்கிக் கட்ட வேண்டும். இரவுத் தூக்கத்துக்குச் சமமான, தட்டையான படுக்கை வேண்டும்.

"பாட்டி காலத்தில் இதெல்லாம் பார்த்தோமா?"

இப்படிக் கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

பாட்டி காலத்தில் வீடு நிறைய ஆள் இருந்தது. அத்தை இருந்தாள். சித்தி இருந்தாள். திண்ணையில் தாத்தா இருந்தார். பிள்ளை சிணுங்கினால் நான்கு பேர் ஓடி வந்தார்கள். அந்த நான்கு பேரின் கண்தான் அன்றைய காவல்.

இன்று நிலைமை அப்படியா? வேடசந்தூர்ப் பக்கம் எத்தனையோ தாய்மார்கள் நூல் மில்லுக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். வீட்டில் வயதான மாமியார் மட்டும் இருப்பார். அவரும் அடுப்பையும் பார்க்க வேண்டும். பிள்ளையையும் பார்க்க வேண்டும். ஆள் குறைந்த வீட்டில், படுக்கையே காவலாக இருக்க வேண்டும். அன்றைக்குத் தேவைப்படாத பலம் தொட்டிலுக்கு இன்றைக்குத் தேவைப்படுவது இதனால்தான்.

அமெரிக்கா கற்ற பாடம்

பணக்கார நாட்டுத் தொட்டில் எல்லாம் பத்திரமானது என்று நினைக்க வேண்டாம்.

அமெரிக்காவில் ஒரு வகைக் குழந்தைக் கட்டில் வீட்டுக்கு வீடு இருந்தது. நான்கு பக்கமும் கம்பி அடைப்பு இருக்கும். ஒரு பக்க அடைப்பை மட்டும் மேலும் கீழும் இறக்கி ஏற்றலாம். குனியாமல் பிள்ளையைத் தூக்குவதற்கு வசதி. எல்லாரும் விரும்பி வாங்கினார்கள்.

நாளாக ஆக, அந்த இறங்கும் பக்கத்தின் கொக்கி தளர்ந்தது. பிளாஸ்டிக் துண்டு உடைந்தது. அடைப்புக்கும் மெத்தைக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. குழந்தைகள் அதில் சிக்கின. 2000-ம் ஆண்டில் இருந்து பத்து ஆண்டுகளில் குறைந்தது 32 குழந்தைகள் இப்படி இறந்ததாக அந்த நாட்டு சர்க்கார் கணக்கு சொன்னது. 2011-ம் ஆண்டு ஜூன் மாதம் முதல் அந்த வகைக் கட்டிலைச் செய்யவும் விற்கவும் அங்கே தடை வந்துவிட்டது.

இதில் நமக்குள்ள பாடம் என்ன? அசையும் பாகம் அதிகமானால் ஆபத்தும் அதிகம். இப்போதும் எங்கேயாவது, யாராவது அப்படிப்பட்ட பழைய கட்டிலை மலிவு விலைக்குக் கொடுத்தால் வாங்கக் கூடாது. சும்மா கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

பள்ளிக்கூட ஸ்கேல் போதும்!

நல்ல கட்டிலைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்புத் தேவை இல்லை. பள்ளிப் பிள்ளையின் ஸ்கேல் ஒன்று போதும்.

முதலில் பக்கக் கம்பிகளுக்கு நடுவில் ஸ்கேலை வைத்துப் பார்க்க வேண்டும். இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அமெரிக்காவில் 1973-ம் ஆண்டிலேயே இந்த அளவை விதியாகப் போட்டார்கள். இடைவெளி பெரிதானால் குழந்தையின் உடம்பு கால் பக்கமாக வெளியே நழுவும். தலை மட்டும் உள்ளே மாட்டிக் கொள்ளும்.

அடுத்து, மெத்தையைப் போட்டுப் பார்க்க வேண்டும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தால், அந்த மெத்தை அந்தக் கட்டிலுக்கு உரியது அல்ல.

மூலைக் கால்களைப் பார்க்க வேண்டும். நம் ஆசாரிகளுக்குக் கடைசல் வேலை என்றால் உயிர். கலசம் மாதிரி குமிழ் வைத்தால் அழகுதான். ஆனால் நிற்கப் பழகும் பிள்ளையின் சட்டையோ, கழுத்துக் கயிறோ அந்தக் குமிழில் மாட்டும். குழந்தைக் கட்டிலுக்குக் குமிழ் வேண்டாம். மூலை மழுங்கலாக, மேல் சட்டத்தோடு சமமாக இருக்கட்டும்.

பிறகு பூட்டை இழுப்பது போல் ஓர் இழுப்பு! இரண்டு கையாலும் மேல் சட்டத்தைப் பிடித்து நான்கு பக்கமும் ஆட்ட வேண்டும். கிறீச்சென்று சத்தம் வரக் கூடாது. கால் தரையில் தட்டக் கூடாது. கடையில் ஆடும் கட்டில், வீட்டில் ஆறே மாதத்தில் பிரிந்துவிடும்.

ஊஞ்சல் மாதிரி ஆடும் இரும்புத் தொட்டிலானால், அதை அசையாமல் நிறுத்தும் கொக்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எத்தனை கிலோ வரை தாங்கும் என்று எழுதி இருந்தால் படித்துப் பார்க்க வேண்டும். பிள்ளை தானாக எழுந்து உட்காரத் தொடங்கிய நாளோடு ஆடும் தொட்டிலுக்கு விடை கொடுத்துவிட வேண்டும்.

மரம் எது?

தேக்கு நல்லதுதான். எல்லாருக்கும் கட்டுப்படி ஆகாது. வேம்பு இருக்கிறது. வாகை இருக்கிறது. பலா இருக்கிறது. எந்த மரமானாலும் வைரம் பாய்ந்ததாக, நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும்.

திண்டுக்கல் சமவெளி வெயில் சாதாரண வெயிலா? ஈரம் காயாத மரத்தில் செய்த கட்டில் ஒரு கோடையிலேயே சுருங்கும். மூட்டு விலகும். ஆணி வெளியே தலை நீட்டும். ஒரு சட்டத்தில் துளை போட்டு, மற்றொரு சட்டத்தை அதற்குள் இறக்கி, நட்டு போல்ட்டு போட்டு முடுக்கிய மூட்டுத்தான் நிற்கும். வெறும் ஆணியை நம்பக் கூடாது.

மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் பளபளப்பான கட்டில்கள் வருகின்றன. பார்க்க அழகு. ஆனால் குழந்தை மூத்திரம் போகாமல் இருக்குமா? ஈரம் பட்டுப் பட்டு அந்தப் பலகை ஊதிவிடும். ஸ்க்ரூ பிடிக்காது.

அடுத்தது பெயிண்டு. பல் முளைக்கும் பிள்ளை கட்டில் சட்டத்தைக் கடிக்கும். பெயிண்டில் ஈயம் இருந்தால் அது வயிற்றுக்குள் போகும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று இந்திய சர்க்கார் 2016-ம் ஆண்டில் விதி செய்தது. 2017 நவம்பரில் அது அமலுக்கு வந்தது. பெயிண்டு டப்பாவில் ஈயம் பற்றி எழுதி இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். நன்றாக உப்புத்தாள் தேய்த்த வெறும் மரமாக விட்டாலும் குறை இல்லை.

பாட்டன் காலத்து மரத் தொட்டில் பரணில் இருக்கிறதா? மேலே சொன்ன சோதனையில் தேறினால் தாராளமாக இறக்கலாம். ஆனால் பழைய பெயிண்டை வீட்டுக்குள் வைத்துச் சுரண்டக் கூடாது. கர்ப்பிணியும் குழந்தையும் இல்லாத இடத்தில் வைத்துத்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

ஒரு கட்டில், மூன்று அவதாரம்

இப்போது பணக் கணக்கைப் பார்ப்போம்.

ஆடும் தொட்டில் ஒன்று 5,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். பிள்ளை அதில் தூங்குவது 6 மாதம். மாதத்துக்கு 830 ரூபாய்க்கு மேல் ஆகிறது!

ஆசாரியிடம் செய்த கட்டில் 9,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். அது 10 ஆண்டு உழைத்தால் மாதத்துக்கு 75 ரூபாய்தான். எது மலிவு?

பத்து ஆண்டு எப்படி உழைக்கும்? அதற்குத்தான் மாறும் கட்டில். நான்கரை அடி நீளம், இரண்டரை அடி அகலத்தில் செய்தால் போதும். ஒற்றை அறை வீட்டிலும் சுவர் ஓரமாக அடங்கிவிடும்.

முதல் அவதாரம், நான்கு பக்கமும் அடைத்த குழந்தைக் கட்டில். மெத்தைப் பலகையை மாட்டுவதற்கு மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை இருக்க வேண்டும். பச்சைக் குழந்தைக்குப் பலகை மேலே இருக்கட்டும். பிள்ளை உட்காரத் தொடங்கியதும் கீழே இறக்கிவிட வேண்டும். இறக்கிய பிறகு, பலகையில் இருந்து மேல் சட்டம் வரை 26 அங்குல உயரமாவது இருந்தால்தான் பிள்ளை குதித்து விழாது.

இரண்டாம் அவதாரம், பிள்ளை 35 அங்குல உயரம் வளர்ந்ததும், அல்லது அடைப்பில் கால் போட்டு ஏறத் தொடங்கியதும். அப்போது ஒரு பக்க அடைப்பைக் கழற்றிவிட வேண்டும். தானாக ஏறி இறங்கும் சின்னக் கட்டிலாக அது மாறிவிடும்.

மூன்றாம் அவதாரம், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு. பின்பக்க அடைப்பை மட்டும் விட்டுவிட்டால் சாய்ந்து உட்காரும் பெஞ்சு. வீட்டுப் பாடமும் எழுதலாம். விருந்தாளியும் உட்காரலாம்.

கடையில் வாங்கும் மாறும் கட்டிலில் ஒரு தந்திரம் உண்டு. மாற்றுவதற்குத் தேவையான சட்டத்தைத் தனியாக விற்பார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் போனால் அந்த மாடலே இருக்காது. எல்லாப் பாகத்தையும் சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும். மீதி நட்டு போல்ட்டுகளைத் துணிப் பையில் போட்டுக் கட்டிலின் வெளிக்காலில், பிள்ளையின் கைக்கு எட்டாத இடத்தில் கட்டி வைத்தால் தொலையாது.

படுக்கையில் என்ன போடுவது?

இலவம் பஞ்சு மெத்தை பெரியவர்களுக்குச் சுகம். பச்சைக் குழந்தைக்கு ஆகாது. முகம் புதைந்துவிடும். கையால் அமுக்கினால் குழி விழாத, கெட்டியான மெல்லிய மெத்தைதான் நல்லது. அதன் மேல் இழுத்துச் செருகிய ஒரு நூல் துணி. அவ்வளவுதான். தலையணை வேண்டாம். பஞ்சுப் பொம்மை வேண்டாம். சுற்றிலும் பஞ்சுத் தடுப்பு வேண்டாம்.

குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். 1992-ம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் இதைச் சொன்னார்கள். 1994-ல் நாடு முழுவதும் பிரசாரம் நடந்தது. காரணம் தெரியாமல் தூக்கத்தில் இறக்கும் குழந்தைகளின் விகிதம் அதன்பின் சுமார் பாதியாகக் குறைந்தது. மருந்து இல்லை. ஊசி இல்லை. படுக்க வைக்கும் விதத்தை மாற்றியதற்கே இவ்வளவு பலன்!

கொசுவலை மட்டும் கட்டாயம் வேண்டும். 2015-ம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, அரசு ஆஸ்பத்திரிகளில் பிறந்த குழந்தைகளுக்குப் பரிசுப் பெட்டகம் வழங்கத் தொடங்கியபோது, அதில் சிறு படுக்கையும் வலையும் வைத்தார்கள். வலை தொங்கிக் குழந்தையின் முகத்தில் படாமல் இழுத்துக் கட்ட வேண்டும்.

பீரோவும் நடைவண்டியும்

கட்டில் மட்டும் பலமாக இருந்தால் போதுமா? பிள்ளை நடக்கத் தொடங்கியதும் அலமாரியின் இழுப்பறைகளைப் படிக்கட்டாக நினைத்து ஏறும். அலமாரி அப்படியே சாயும். இதைத் தடுக்க அமெரிக்காவில் 2022-ம் ஆண்டில் ஒரு சட்டமே செய்தார்கள். நமக்கு ஓர் இரும்புப் பட்டையும் இரண்டு ஸ்க்ரூவும் போதும். அலமாரியைச் சுவரோடு சேர்த்துப் பிணைத்துவிடலாம்.

பிள்ளையை நடுவில் உட்கார வைத்துச் சக்கரத்தில் உருள விடும் வாக்கர் வேண்டவே வேண்டாம். கனடா நாடு 2004-ம் ஆண்டிலேயே அதை விற்கத் தடை போட்டது. பிள்ளை படிக்கட்டில் உருண்டு விழும் என்பதுதான் காரணம். நம் ஊர் மர நடைவண்டியைப் பிள்ளை பின்னால் நின்று தள்ளும். பெரியவர் ஒருவர் கூடவே இருந்தால், அது எவ்வளவோ மேல்.

தாய்மாமனைக் கடனாளி ஆக்கலாமா?

கடைசியாக ஒரு வார்த்தை. இது மரத்தைப் பற்றியது அல்ல, மனத்தைப் பற்றியது.

தொட்டில் போடும் விழாவுக்குத் தாய்மாமன் சீர் கொண்டு வருவது நல்ல வழக்கம். ஆனால் அந்தச் சீர் பத்துப் பேர் பார்க்க வேண்டும் என்பதற்காக, அவர் வட்டிக்கு வாங்கிப் பளபளப்பான தொட்டிலைச் சுமந்து வருகிறார். ஆறு மாதத்தில் தொட்டில் மூலைக்குப் போய்விடுகிறது. கடன் மட்டும் அவர் வீட்டில் தொட்டில் கட்டி ஆடுகிறது!

பிள்ளையின் அப்பா வீட்டார்தான் முந்திக் கொண்டு பேச வேண்டும். "மச்சான், பகட்டு வேண்டாம். இந்த அளவில் ஒரு மரக் கட்டில் செய்து கொடுங்கள். முடியாவிட்டால் மெத்தையும் வலையும் போதும்" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதில் கௌரவம் குறையாது, கூடும்.

கட்டில் செய்யவே வசதி இல்லாத வீடா? வெட்கப்பட ஒன்றும் இல்லை. தாயின் பாய்க்குப் பக்கத்தில், நன்றாகக் கூட்டிய தரையில், கெட்டியான சிறு படுக்கையும் நாலு ஓரமும் அடக்கிய வலையும் போதும். தேள், பூரான் வராமல் மூலை முடுக்கைப் பார்த்துக் கொள்ள வேண்டும். வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் படுக்கையைக் காட்டி யோசனை கேட்கலாம். ஆடுகிற கட்டிலைவிட, ஆடாத தரை ஆயிரம் மடங்கு மேல்.

கட்டில் இருப்பது பெருமை அல்ல. அதில் பிள்ளை பத்திரமாகத் தூங்கி, காலையில் சிரித்துக் கொண்டு எழுவதுதான் பெருமை.

பூட்டை இழுத்துப் பார்க்கும் கை, தொட்டிலையும் ஒரு தரம் இழுத்துப் பார்க்கட்டும்!